ஒரு வேடமும் பல உடல்களும்: 'டொக்டர் ஹூ' தொடரும் தெரணியகலைத் தோட்டங்களின் காமன் கூத்தும்

பிரித்தானியாவில் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த இருவர் 'டொக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானப் புனைகதைத் தொடரைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சிறிது நேரத்தில் ஒரு வினா எழாமற் போகாது. உங்களுடைய டொக்டர் யார் என்பதே அது. 1963ஆம் ஆண்டு தொடங்கிய அத்தொடரின் தலைமைப் பாத்திரத்தைப் பதினான்கு நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏற்று நடித்துள்ளனர். கேகாலை மாவட்டத்துத் தெரணியகலைப் பகுதித் தோட்டங்களிலும் இதனையொத்த வினா ஒன்று உண்டு. மாசி மாதத்து இரவில் காமன் பொட்டலைச் சுற்றி அமர்ந்திருக்கும் முதியோர், ஆடிக்கொண்டிருக்கும் ரதியைப் பார்த்தவாறே, முன்னர் ஆடிய ரதிகளை நினைவுகூர்வர். யார் கட்டிய வேசம் வேசமாக இருந்தது என்பது அவர்களுடைய வழக்கு.

இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவது சிலருக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். முன்னையது அரசு சார்ந்த பெரும் ஒலிபரப்பு நிறுவனமொன்றின் தயாரிப்பு. ஊதியம் பெறும் நடிகர்களையும் கோடிக்கணக்கான பார்வையாளர்களையும் கொண்டது. பின்னையது கொழுந்து பறிப்போரும் இறப்பர் பால் வெட்டுவோரும் விரதமிருந்து ஆடும் சடங்குக் கூத்து. எனினும் நடிகரைக் காட்டிலும் நீண்ட ஆயுளுடைய ஒரு வேடமும், அவ்வேடத்தைக் கட்டியோரை விடாது ஒப்பிடும் ஒரு பார்வையாளர் கூட்டமும் இரண்டிலும் உள்ளன. 'எனக்குப் பிடித்த நடிகர்' என்னும் பேச்சு வெறும் பொழுதுபோக்குப் பேச்சு என ஆய்வாளரால் ஒதுக்கப்படுவதுண்டு. ஒரு மக்கட்கூட்டம் தன் காலத்தை எவ்வாறு எண்ணிக்கொள்கின்றது என்பதை அப்பேச்சிலேயே காண முடியும் என்பது நம் கருத்து. எழுதப்பட்ட வரலாறு இல்லாத மக்களிடையே அதன் பெறுமதி மேலும் கூடுகின்றது.

முதலில் பிரித்தானியத் தொடரை நோக்குவோம். 1963 நவம்பர் 23ஆம் திகதி, அமெரிக்க சனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள், பி.பி.சி. தொலைக்காட்சி இதன் முதற்பகுதியை ஒளிபரப்பியது. மக்கள் கவனம் வேறு செய்தியில் இருந்தமையால், அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்னர் முதற்பகுதியை மீண்டும் காட்டினர். தயாரிப்பாளர் வெரிட்டி லம்பேர்ட் அக்காலத்தில் பி.பி.சி. நாடகப் பிரிவில் இருந்த ஒரேயொரு பெண் தயாரிப்பாளர். முதற்கதையை நெறிப்படுத்திய வாரிஸ் ஹுசைன் இந்தியாவின் லக்னோ நகரிற் பிறந்தவர். பின்னாளில் பிரித்தானியரின் தேசியச் சொத்துப் போலக் கருதப்பட்ட ஒரு தொடரின் தொடக்கத்தில் இவ்விருவரும் நின்றனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

தொடரின் தலைவர் வேற்றுக்கிரகத்தவர். நீல நிறப் பொலிஸ் தொலைபேசிப் பெட்டியின் தோற்றத்தில் அமைந்த கலமொன்றில் ஏறி, காலத்திலும் வெளியிலும் விரும்பியவாறு பயணஞ் செய்பவர். அவருடைய இயற்பெயர் சொல்லப்படுவதில்லை. 'டொக்டர்' என்பதே பெயர், 'ஹூ' என்பது பார்வையாளரின் வினா. முதலில் அவ்வேடத்தை ஏற்றவர் வில்லியம் ஹார்ட்னல். சிடுசிடுப்பும் உள்ளூரப் பாசமும் கொண்ட பாட்டனாராக அவர் நடித்தார். மூன்றாண்டுகளில் அவருடைய உடல்நலம் சீர்குலைந்தது. வசனங்களை நினைவில் நிறுத்துவதும் கடினமாயிற்று. தொடரோ மக்களிடையே நன்கு வேரூன்றியிருந்தது. நிறுத்திவிடுவதும் ஒரு வழி; முகச்சாயல் ஒத்த ஒருவரைத் தேடிப்பிடித்து ஒன்றும் நிகழாதது போல நடந்துகொள்வதும் ஒரு வழி. தயாரிப்பாளர்கள் மூன்றாவது வழியொன்றைக் கண்டனர். தலைவர் மனிதரல்லர் ஆதலின், தேய்ந்த உடலை நீக்கிப் புதிய உடலை அவர் பெறலாம் எனக் கதையையே திருப்பினர். 1966 ஒக்டோபர் 29ஆம் திகதி ஒளிபரப்பான பகுதியின் இறுதியில் ஹார்ட்னல் தரையில் வீழ்ந்தார். திரையில் அவருடைய முகம் ஒளியிற் கரைந்து, பற்றிக் ட்ரௌட்டன் என்னும் வேறொரு நடிகரின் முகமாயிற்று.

இதனினும் முக்கியமானது அடுத்து நிகழ்ந்தது. ட்ரௌட்டன் ஹார்ட்னலைப் போல நடிக்கவில்லை. தொளதொளத்த உடையும் கையிற் குழலும் கொண்ட நாடோடிக் கோமாளி போல அவர் தோன்றினார். புதியவர் பழையவரின் நிழலாக இருக்க வேண்டியதில்லை என்னும் விதி அன்று பிறந்தது. தொடர் அறுபது ஆண்டுகளைக் கடந்து நின்றமைக்கு விண்வெளிக் கலங்களைவிடவும் இயந்திர அரக்கர்களைவிடவும் இந்த ஒரு முடிபே காரணம் எனலாம். இன்று 'மறு உருவாக்கம்' என்ற பொருளில் வழங்கும் சொல், 1974இல் மூன்றாம் நடிகர் ஜோன் பேர்ட்வீ விலகி டொம் பேக்கர் வந்த வேளையிலேயே தொடரில் முதன்முதலாக ஆளப்பட்டது. வழக்கம் முந்தியது, பெயர் பிந்தியது. பன்னிரண்டு முறைக்கு மேல் உருமாற முடியாது என 1976இல் ஒரு வரம்பு கூறப்பட்டது. அவ்வரம்பு நெருங்கியபோது, 2013இல், புதியதொரு சுற்றை அவருக்கு வரமாக அளித்துவிட்டனர். வரத்தை வாங்கி வரம்பை மீறும் இந்த உத்தி நமது புராணங்களைக் கேட்டு வளர்ந்தோருக்குப் புதியதன்று.

இனி விருப்பத்துக்குரிய நடிகர் பற்றி. டொம் பேக்கர் 1974 முதல் 1981 வரை ஏழாண்டுகள் நடித்தார். வேறெவரும் தொலைக்காட்சியில் இவ்வளவு காலம் தொடர்ச்சியாக இவ்வேடத்தைத் தாங்கியதில்லை. வேடம் கிடைத்த வேளையில் அவர் கட்டட வேலைத்தலத்தில் உழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய அடையாளமாகிவிட்ட மிக நீண்ட கம்பளிக் கழுத்துப்பட்டைக்கும் ஒரு கதை உண்டு. பல நிறக் கம்பளி நூலைக் கொடுத்து ஒரு பட்டை பின்னித் தருமாறு கேட்டபோது, பின்னிய பெண்மணி கொடுத்த நூல் முழுவதையும் தீர்த்துவிட்டார். நடிகர் அதை அப்படியே அணிந்துகொண்டார். ஒரு தொழிலாளியின் கைவேலை ஒரு தலைமுறையின் கண்ணில் நாயகனின் உருவமாகியது. சஞ்சிகை வாசகர்களின் வாக்கெடுப்புகளில் நெடுங்காலம் முன்னின்றவர் பேக்கரே. 2006இல் டேவிட் டெனன்ட் அவரை முந்தினார். டெனன்டுக்கு வாக்களித்தோரிற் பெரும்பாலோர், 2005ஆம் ஆண்டு தொடர் மீண்டும் தொடங்கிய பின் அதனைக் கண்டோராக இருத்தல் வேண்டும். ஆகவே இவ்வாக்குகளை நடிப்புத் திறனுக்கான மதிப்பெண்கள் எனக் கொள்வது தவறு. எந்த வயதில், எவருடன் அமர்ந்து, எந்த முகத்தை முதலிற் கண்டோம் என்பதே வாக்காகின்றது. தமக்குரிய டொக்டரைச் சொல்பவர் தம் பிறந்த ஆண்டைச் சொல்லிவிடுகின்றார்.

எல்லோரும் விரும்பப்படவில்லை. ஆறாம் நடிகர் கொலின் பேக்கர் 1986இல் நீக்கப்பட்டார். உருமாற்றக் காட்சிக்கென மட்டும் திரும்பி வர அவர் மறுத்தமையால், அடுத்தவரான சில்வெஸ்டர் மக்கோயே பொய்முடி அணிந்து முன்னவராகவும் கிடக்க நேர்ந்தது. விடைபெறும் காட்சி மறுக்கப்பட்ட நடிகர் என்ற காரணத்தினாலேயே அவர்பால் பரிவு கொண்டோரும் உளர். 1989இல் தொடர் நின்றது. 1996இல் போல் மக்கான் நடித்த ஒரு தொலைக்காட்சித் திரைப்படம் தவிர, 2005 வரை புதிய தொடர் இல்லை. அப்பதினாறு ஆண்டுகளில் வேடத்தைக் காப்பாற்றியோர் நிறுவனத்தாரைவிடப் பார்வையாளரே. அவர்கள் நாவல்கள் எழுதினர். ஒலி நாடகங்கள் தயாரித்தனர். சிறுவனாக இருந்து பார்த்தவரே பின்னர் வேடத்தையும் கட்டினார். பன்னிரண்டாம் டொக்டரான பீட்டர் கப்பால்டி தம் பதின்ம வயதில் இத்தொடரைப் பாராட்டிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர். ஐந்தாம் டொக்டரான பீட்டர் டேவிசனின் மகளைப் பத்தாம் டொக்டரான டெனன்ட் 2011இல் மணந்துகொண்டார். வேடம் குடும்பத்துக்குள்ளேயே சுற்றுகின்றது என்று நம் தோட்டத்தார் சொல்லக்கூடும்.

இவ்வாறு நடிகர் மாறினும் வேடம் நிலைப்பது தமிழருக்குப் புதிய அனுபவமா? இன்றைய தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களில் நடிகர் ஒருவர் விலகினால் 'இவருக்குப் பதில் இவர்' என ஒரு வரியைத் திரையில் இட்டு மேற்செல்கின்றனர். பார்வையாளரும் ஏற்றுக்கொள்கின்றனர். ஆனால் கதை அம்மாற்றத்தைக் காண்பதில்லை. கணவனின் முகம் மாறியதை மனைவி அறிவதில்லை. அது வசதிக்கான உடன்பாடே. இதற்கு நேர்மாறாகச் சங்கரதாச சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை போன்ற பாலர் கம்பனிகளில் நடிகர் மாறுவது இயற்கையின் கட்டாயம். மகரக்கட்டு உடைந்ததும் பையனின் குரல் போய்விடும். அவன் கட்டிய வள்ளியையோ சீதையையோ அடுத்த பையன் கட்டுவான். அடுத்து வந்த 'ஸ்பெஷல்' நாடக மரபில், முன்னர் சேர்ந்து ஒத்திகை பாராத நடிகர்களும் ஒரே இரவில் வள்ளி திருமணத்தை நிகழ்த்த முடிந்தது. வேடங்கள் அவ்வளவு உறுதியாக அமைந்திருந்தன. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் 1920களில் கொழும்பு மேடையில் இணைந்து பாடியபோது, நம் நாட்டார் கேட்கச் சென்றது கதையை அன்று. தெரிந்த வேடத்தில் அவர்களுடைய குரலையே.

வேடம் நடிகரோடு ஒட்டிக்கொள்ளும் மறுதுருவமும் உண்டு. காங்கேசன்துறை வசந்த கான சபாவின் நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) மயான காண்டத்தில் அரிச்சந்திரனாகத் தோன்றியமை யாழ்ப்பாணத்து இசை நாடக வரலாற்றில் ஓர் அத்தியாயம். அவருக்குப் பின் அரிச்சந்திரனாக நின்ற எவரும் வைரமுத்துவோடு ஒப்பிடப்படாது தப்பவில்லை. அரிச்சந்திரன் கதையில் உருமாற்றம் இல்லை. சுடலையிற் காவல் நிற்பவன் ஒருவனே. ஆகவே அடுத்தவர் முன்னவரின் நிழலிலேயே நிற்க நேர்கின்றது. பல்கலைக்கழக மேடையை அறிந்தோர்க்கு இன்னோர் உதாரணமும் நினைவுக்கு வரும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1960களில் அளித்த 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு, பிற்காலத்தில் அவரே நெறியாளராகி மட்டக்களப்பில் இளையோரை அவ்வேடத்தில் ஆட்டுவித்தார். மாணவர் சில ஆண்டுகளில் வெளியேறிவிடும் இடத்திற் கூத்து நிலைக்க வேண்டுமாயின் வேடத்தைக் கைமாற்றும் வகை தெரிந்திருத்தல் வேண்டும்.

தோட்டத்துக் காமன் கூத்து இவ்வகையை மிகத் தெளிவாக அறிந்திருக்கின்றது. தெரணியகலை சீதாவக்கை ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்தது. நூரி, மாலிபொட, மியனவிட்ட எனச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தேயிலையும் தாழ்நிலங்களில் இறப்பரும் பரந்துள்ளன. மழை மிகுந்த இப்பகுதியில் ஆண்டின் தொடக்க மாதங்களே சற்று வறண்டவை. இறப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறைவதும் அக்காலமே. மாசி அமாவாசையை அடுத்து மூன்றாம் பிறையிற் காமன் ஊன்றப்படுகின்றது. கரும்பு, ஆமணக்குக் கொம்பு, வைக்கோல் முதலியவற்றாற் கட்டிய கம்பமே காமன். அன்றிலிருந்து இரவுதோறும் தப்பு முழங்க ஆட்டம் நடைபெறும். மன்மதன், ரதி, தூதன், சிவன், எமன், வீரபத்திரன், குறவன், குறத்தி, கோமாளி என வேடங்கள் ஒவ்வொன்றாய் வரும். கதை யாவரும் அறிந்ததே. தவத்திலிருக்கும் சிவன் மீது மலர்க்கணை எய்யுமாறு தேவர்கள் மன்மதனை ஏவுகின்றனர், தீய கனாக் கண்ட ரதி தடுக்கின்றாள், அவன் மீறிச் செல்கின்றான், நெற்றிக்கண்ணால் எரிகின்றான், ரதி ஒப்பாரி வைக்கின்றாள். அவளுடைய புலம்பலுக்கு இரங்கிய சிவன், அவளுடைய கண்ணுக்கு மட்டும் தெரியுமாறு அவனை எழுப்புகின்றார்.

எழுந்தவனுக்கு உடல் இல்லை. அனங்கன் என்ற அவனுடைய பெயரே உடலிலி என்று பொருள்படும். உடல் எரிந்துபோன அவன் மறு ஆண்டு மாசியிற் பொட்டலுக்கு வரவேண்டுமாயின், யாராவது ஒருவர் தம் உடலைக் கொடுத்தல் வேண்டும். நேர்த்தி வைத்தவர், தகப்பன் கட்டிய வேடத்தைத் தொடர்பவர், கூத்து மாஸ்டர் தேர்ந்தெடுத்தவர் என அது பலவாறு அமையும். விரதமிருந்து அவ்வுடல் வேடத்துக்குரியதாக்கப்படுகின்றது. பி.பி.சி.யார் நடிகர் ஒருவரின் நோயினால் நெருக்குண்டு ஒரு புராணத்தை ஆக்கினர்; தோட்டத்தாரிடம் புராணம் முன்னரே இருந்தது, அது நடிகர் மாறுவதற்கு நிரந்தர அனுமதியைக் கொடுத்துவிட்டது. இரண்டிலும் நடிகர் மாறுவதை மறைக்கத் தேவையில்லை. 'இவருக்குப் பதில் இவர்' என்ற அறிவிப்புக்கும் இடமில்லை. மாறுவதே கதை.

விருப்பமும் வெறுப்பும் இங்கு எவ்வாறு வெளிப்படுகின்றன? பிரித்தானியப் பார்வையாளர் நடிகர்களை எண்ணால் வரிசைப்படுத்துவர். அவ்வெண்ணிக்கையிலும் வழக்குகள் உண்டு. டெனன்ட் 2023இல் மீண்டும் வந்தமையாற் பத்தாமவராகவும் பதினான்காமவராகவும் இருமுறை எண்ணப்படுகின்றார். 2013இல் நடித்த ஜோன் ஹர்ட் எண்ணிலேயே சேர்வதில்லை. தோட்டத்தில் எண் இல்லை. அங்கு வேடம் ஆளின் மீது பட்டப்பெயராய் ஏறிவிடும். எமன் கட்டியவரைக் கண்டு குழந்தைகள் மாசி கழிந்தும் ஒதுங்குவர். ரதி கட்டியவரைத் தோழர்கள் மலையில் வேலை செய்கையிலும் ரதி என்று அழைத்துச் சீண்டுவர். காலத்தை அவர்கள் குறிப்பதும் அவ்வாறே. இன்னார் காமனாக இருந்த வருடம் என்றால், அது எந்தத் துரை காலம், எந்தப் பஞ்சம், யாருடைய கலியாணம் என்பதெல்லாம் தானே வந்து சேரும்.

ரதி வேடத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். அவ்வேடத்தை மரபாகக் கட்டுவோர் ஆடவர். ஆனால் அதன் உச்சம் ஒப்பாரி. ஒப்பாரியோ பெண்களின் கலை. லயத்திற் சாவு விழுந்தால் மாரடித்துப் பாடுவோர் அவர்களே. கட்டியெழுப்பும் சொல்லும் இழுத்து நிறுத்தும் மூச்சும் அவர்களுடைய ஆக்கம். ஆகவே சேலை கட்டிய ஆடவன் ஒருவன் காமனின் சாம்பலைச் சுற்றிப் புலம்பும்போது, பொட்டலின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் பெண்களே அதற்கு நடுவர். அவர்கள் முந்தானையைக் கண்ணில் ஒற்றினால் ரதி தேறிவிட்டாள். சிரித்தாலோ, அடுத்த மாசிக்கு மாஸ்டர் வேறு ஆளைத் தேடவேண்டியதுதான். எந்த வாக்கெடுப்பினும் கறாரான மதிப்பீடு இது. எனினும் நடுவராக அமர்வோர் மேடைக்குள் வருவதில்லை என்பதை மரபின் பெயராற் போற்றிவிட்டுப் போக நம்மால் இயலாது. 'டொக்டர் ஹூ' பாத்திரத்தை ஜோடி விட்டேக்கர் என்னும் நடிகை ஏற்பார் என 2017இல் அறிவித்தபோது அங்கும் கூச்சல் எழுந்தது. வேற்றுக்கிரகத்தவர் எந்த உடலையும் எடுக்கலாம் என ஐம்பதாண்டுகளாக ஒப்புக்கொண்டோரிற் சிலருக்குப் பெண்ணுடல் மட்டும் நம்ப முடியாததாயிற்று. பின்னர் ருவாண்டாவிற் பிறந்து, குழந்தைப் பருவத்திற் குடும்பத்தோடு தப்பி ஸ்கொட்லாந்தில் வளர்ந்த ஷூட்டி கட்வா அப்பாத்திரத்தை 2023 முதல் 2025 வரை தாங்கினார். வேடம் மாறுவதற்கான அனுமதி கதையில் இருந்தாற் போதாது. அவ்வனுமதி யார் யாருக்குச் செல்லும் என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது. தோட்டத்திலும் வேடப் பங்கீட்டிற் சாதியும் கங்காணி மரபும் செல்வாக்குச் செலுத்தியமை மறைக்கத்தக்கதன்று. இரவு முழுவதும் கூத்தைத் தாங்கி நிற்பது தப்பு. 'யாருடைய தப்பு நல்ல தப்பு' என்ற பேச்சோ அரிது.

ஒப்பீடு முறிகின்ற இடமும் உண்டு. பிரித்தானிய நடிகர் விலகினால் அது ஒப்பந்த முடிவு. மலையக நடிகர் விலகியமைக்கு வேறு காரணங்கள் இருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெருந்தொகையாக நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைக் கணக்கில் எடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. தலைமன்னார் வழியே கப்பலேறியோரிற் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களிற் சென்று குடியமர்ந்தனர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சபரகமுவத் தோட்டங்களையும் தாக்கின; வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் எழுதப்பட்ட காலம் அது. அவ்வண்ணன் காமனாக இருந்திருக்கலாம். கூத்துப்பாடல் முழுவதும் அறிந்த மாஸ்டராகவும் இருந்திருக்கலாம். கடவுச்சீட்டில் அது பதியப்படவில்லை.

இத்தகைய சிதைவுக்குப் பின்னும் காமன் ஊன்றப்படுகின்றது என்றால், வேடம் ஆளுக்குச் சொந்தமாகாதிருந்தமை அதற்கு ஒரு முக்கிய காரணம். ஆள் போனாலும் வேடம் லயத்தில் நின்றது. அதே வேளை, போன ஆள் எவ்வாறு ஆடினார் என்பது அவரோடு போயிற்று. முன்னவரைப் போலச் செய்யத் தேவையில்லை என்ற சுதந்திரத்துக்கு மறுபக்கம் இது. பி.பி.சி.யும் இதில் நல்ல முன்மாதிரியன்று. ஹார்ட்னல், ட்ரௌட்டன் காலத்துப் பகுதிகளிற் பலவற்றின் நாடாக்களை அந்நிறுவனமே அழித்துவிட்டது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளின் படம் கிடைக்கவில்லை எனப் பல்லாண்டுகள் கணக்கிடப்பட்டு வந்தது. ஆயினும் அவற்றின் ஒலி முழுவதும் எஞ்சியுள்ளது. காரணம், வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவுசெய்த இளம் பார்வையாளர்கள். தமக்குப் பிடித்த நடிகரின் குரலை இழக்க மனமில்லாத அவர்களுடைய ஆசையே ஆவணக் காப்பகத்தின் வேலையைச் செய்தது.

தெரணியகலைத் தோட்டங்களில் இன்று கைத்தொலைபேசி இல்லாத லயம் இல்லை. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர் காமனுக்கு விடுமுறை எடுத்து வந்து கூத்தைப் பதிவுசெய்கின்றனர். இது வரவேற்கத்தக்கது. ஆனால் அப்பதிவுகளிற் காமனின் கிரீடமும் சிவனின் அனற்கண்ணுமே நிறைந்திருக்கும். புலம்பலின் சொற்கள் தப்பொலியில் அமிழ்ந்துபோகும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதில் ஒரு பணியை ஏற்கலாம். மாசி வருவதற்கு முன், ஆட்டத்தை விட்டு ஓய்ந்த முன்னாள் ரதிகளை அவரவர் இஸ்தோப்பில், தப்பு இல்லாத பகற்பொழுதில், பாடச் சொல்லிப் பதிதல் வேண்டும். எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்தில், யாரிடமிருந்து அவர் அவ்வேடத்தைப் பெற்றார், யாரிடம் கொடுத்தார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அருகில் அந்த லயத்து மூதாட்டியர் இருவர் அமர்ந்திருப்பதும் அவசியம். அவர் சொல் தவறும் இடத்தில் எடுத்துக் கொடுக்கவும், இழுப்புப் போதாத இடத்தில் இப்படியல்ல என்று பாடிக் காட்டவும் அவர்களாற்றான் முடியும்.